முடி நட்டது முன்னால், வழக்கு பின்னால்

ஷார்ஜாவில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் முடி நடும் கிளினிக் ஒன்றின் விளம்பரத்தை அனுப்பி, கூடவே வாய்ஸும் போட்டிருந்தான். "அண்ணே, கிராஃப்டுக்குப் பாதி விலைன்னு போட்டிருக்கான். மாசக் கடைசி வரைக்கும்தானாம். லீவுக்கு வரும்போது முடிச்சுட்டுப் போயிரவா? உங்களுக்கு நல்லாத்தானே வந்திருக்கு?" கிராஃப்ட் என்பது வேரோடு எடுத்து நடுகிற சின்ன முடிக் கொத்து.

நல்லாத்தான் வந்திருக்கிறது. அதை இல்லையென்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் அந்த விளம்பரத்தில் சிவப்பு எழுத்தில் "தழும்பே இல்லாத சிகிச்சை" என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இதே வார்த்தையைச் சொல்லித்தான் என்னையும் படுக்க வைத்தார்கள். போதாக்குறைக்கு அன்றைக்குத்தான் முடிவெட்டிவிட்டு வந்திருந்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. கோபத்தோடு எழுதுகிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். முடிந்தவரை நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எஃப்யூஇ என்றால் வேரை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுப்பது, எஃப்யூடி என்றால் தோலைப் பட்டையாகக் கீறி எடுப்பது என்பதையெல்லாம் யூடியூபில் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் எல்லோரும் கேட்க வருகிறார்கள். அதற்குள் போகவில்லை. எனக்கு மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு வேலை. 2022 மீன்பிடித் தடைக்காலத்தில் மதுரையில் செய்துகொண்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கம்பெனியில் வேலை பாதியாகிவிடும். லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிக்காத ஒரே காலம் அதுதான். செலவு லட்சத்துக்குச் சற்று மேலே.

எங்கள் பக்கம் முடி கொட்டினால் முதல் குற்றவாளி உப்புத் தண்ணி. போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது, குளித்தால் முடி பிசுபிசுவென்று நிற்கும், அதனால் பழி அதன்மேல் போய்விடும். நானும் காவிரித் தண்ணியைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்கித் தலைக்கு ஊற்றியவன்தான். மதுரை டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அதே தண்ணிதானே பின்மண்டைக்கும் போகுது? அங்க ஏன் கொட்டலை?" வாயடைத்துப் போனேன். ஆண்களுக்கு வரும் வழுக்கையில் பெரும்பாலானது பரம்பரை. டிஎச்டி என்கிற ஹார்மோன் முன்மண்டை, உச்சி வேர்களைச் சன்னமாக்கிக்கொண்டே போகும். பின்மண்டை, காதோர வேர்களை அது பெரும்பாலும் தொடாது. அங்கிருந்து எடுத்து முன்னால் நட்டாலும் அந்த வேரின் குணம் மாறாது என்பதை 1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற டாக்டர் செய்து காட்டினார். இன்றைக்கு ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் கிளினிக்குகள் எல்லாம் அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் பிழைக்கின்றன. ஆக, இந்த வியாபாரத்தின் முதலே பின்மண்டைதான். ஆனால் விளம்பரத்தில் ஒரு படத்திலாவது பின்மண்டையைப் பார்த்திருக்கிறீர்களா?

சரி, ஆபரேஷன் நாளுக்கு வருகிறேன். டாக்டர் பேனாவால் முன்நெற்றியில் கோடு போட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நான் இன்னும் கீழே இறக்கச் சொன்னேன். "இருபது வயசுல இருந்த இடத்துக்கு இறக்கினா ஐம்பது வயசுல அசிங்கமா இருக்கும்" என்று அவராகவே மேலே ஏற்றி வரைந்தார். அந்த ஒரு காரியத்துக்கு அவருக்குக் கோயில் கட்டலாம். முன்வரிசைக்கு ஒற்றை முடி உள்ள கிராஃப்டுகளை மட்டும் வைத்ததும் அவர் கைத்திறன்தான். இன்று வரைக்கும் யாரும் என் நெற்றியைப் பார்த்து நட்ட முடி என்று கண்டுபிடித்ததில்லை.

வலி என்பது மரத்துப்போக வைக்கும் ஊசி மட்டும்தான். பின்மண்டையைச் சுற்றி வரிசையாகக் குத்துவார்கள், கண்ணில் தண்ணி முட்டிவிடும். கொஞ்ச நேரத்தில் மண்டை நம்முடையதே இல்லை என்று ஆகிவிடும். அதற்கப்புறம் முகத்துக்கு ஓட்டை வைத்த மேசையில் குப்புறக் கிடக்க வேண்டும், மணிக்கணக்காக. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வாயுள்ள பஞ்ச் என்கிற துளைக்கருவி மோட்டாரில் சுற்றுவது காதுக்குள் இல்லை, எலும்புக்குள் கேட்கும். அந்த ஓட்டை வழியாகத் தரையும் கால்களும்தான் தெரியும். ஆரம்பத்தில் டாக்டரின் பழுப்பு நிறச் செருப்பு என் தலைமாட்டில் நின்றது. கொஞ்ச நேரத்தில் அது கதவுப் பக்கம் நகர்ந்தது. அப்புறம் நீல ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி வந்து நின்றன. பழுப்புச் செருப்பு திரும்பி வந்தபோது என்னைப் புரட்டிப் போட்டு முன்னால் துளை போடும் நேரம் ஆகிவிட்டது. இடைப்பட்ட நேரத்தில் என் பின்மண்டையை எடுத்தது அந்த நீலச் செருப்புகள். சாயங்காலம் எந்தக் கடையில் பிரியாணி என்று பேசிக்கொண்டே எடுத்தார்கள்.

அதே வருடம் செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அறுவை சிகிச்சையில் முறையான பயிற்சி பெற்ற டாக்டர்தான் முடி நட வேண்டும். யூடியூபில் பார்த்தும் பயிலரங்கில் வேடிக்கை பார்த்தும் கற்றுக்கொண்டது போதாது என்று அதில் பச்சையாகவே எழுதியிருந்தது. எனக்குச் சில மாதம் பிந்தி வந்த ஞானம். தம்பி, உனக்குப் பிந்தவில்லை.

முதல் பத்து நாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலையை உயர்த்தி வைத்து மல்லாந்து தூங்க வேண்டும், தூக்கம் வராது. மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கும். அம்மா பார்த்துவிட்டு "யாரோடடா மல்லுக்கட்டிட்டு வந்த?" என்றாள். நட்ட இடத்தில் பொருக்கு கட்டும், சொறியத் தோன்றும், சொறியக் கூடாது. தண்ணியைச் சொம்பில் மொண்டு மெதுவாக ஊற்ற வேண்டும், ஷவர் கூடாது. ஹெல்மெட் கூடாது, கடல் குளியல் கூடாது, நேர் வெயில் கூடவே கூடாது. சித்திரை மாதம் இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்துகொண்டு வெயில் படாமல் இரு என்றால் எங்கே போவது? வேர்வையைத் துடைக்கக்கூட பயம். தடைக்காலத்தில் செய்தால் லீவு கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டவனுக்கு அக்கினி நட்சத்திரம் நடுவில் வரும் என்பதை ஒரு ஆள் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் செய்துகொள்ளுங்கள். மழை பெய்தால் வீட்டுக்குள் இருந்துகொள்ளலாம்.

மூன்றாவது, நாலாவது வாரத்தில் நட்ட முடி அத்தனையும் தலையணையில் கிடக்கும். காசு போச்சு என்று நெஞ்சு அடைக்கும். பயப்பட வேண்டாம், முடிதான் போகிறது, வேர் உள்ளே இருக்கிறது. மூன்று, நாலு மாதம் கழித்துப் பூனை முடியாக, கோணல்மாணலாக வரும். ஆறு மாதத்தில் ஓரளவு உருவம் தெரியும். ஒரு வருடம் ஆகாமல் நல்லது, கெட்டது எதையும் பேசக் கூடாது. உச்சிக்கு இன்னும் கூட ஆகும்.

வந்த முடி எப்படி இருக்கிறது என்றால், காய்ந்திருக்கும்போது அடர்த்தி, நனைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வழுக்கை விழுவதற்கு முன்னால் ஒரு சதுர சென்டிமீட்டரில் இருந்த அடர்த்தியில் ஏறக்குறைய பாதியைத்தான் பெரும்பாலும் டாக்டர்களால் திரும்ப வைக்க முடியும். குளித்துவிட்டு டியூப் லைட்டுக்குக் கீழே நின்றால் தோல் தெரியும். மத்தியான வெயிலில் வேர்த்தாலும் தெரியும். இதை முன்னாடியே சொன்னார்கள், அதனால் புகார் இல்லை.

புகார் பக்கம் போவதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பாம்பன் பாலம். வழுக்கை விழுந்து, இடது காதுப் பக்கத்து முடியை நீளமாக வளர்த்து வலது பக்கம் வரைக்கும் இழுத்துச் சீவி ஒட்டவைத்திருந்த ஆளுக்குத்தான் தெரியும், கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்துவது எவ்வளவு பெரிய அவமானம் என்று. சொந்தக்காரர்கள் ராமேஸ்வரம் வந்தால் பாலத்து நடுவில் இறங்கி ரயில் பாலத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பார்கள். எல்லோரும் கைப்பிடிச் சுவரோரம் நிற்பார்கள், நான் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியில் உட்கார்ந்திருப்பேன். இப்போது புது ரயில் பாலம் திறந்த பிறகு வருகிற ஒவ்வொரு கூட்டத்தோடும் நானும் இறங்குகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டிவிட்டு, காற்று எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகட்டும் என்று நிற்கிறேன். கொடுத்த காசில் பாதி அந்த இடத்திலேயே கழிந்துவிட்டது. மனைவி சிரிப்பாள், போட்டோவும் எடுப்பாள்.

இன்னொரு கூத்து கம்பெனியில். நண்டுச் சதை ஏற்றுமதிக்குப் போவது என்பதால் ஷெட்டுக்குள் நுழைகிற யாராக இருந்தாலும் வலைத்தொப்பி போட வேண்டும். முன்னெல்லாம் என் தலையைப் பார்த்துவிட்டு, "கணக்கருக்கு எதுக்குத் தொப்பி, விழுறதுக்கு என்ன இருக்கு?" என்று நண்டு உடைக்கும் அக்காமார்கள் கேலி செய்வார்கள். இப்போது தொப்பியைச் சரியாக மாட்டவில்லை என்று சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுக்கிறார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் கிளினிக்காரர்கள் என் பேச்சைப் படம் பிடித்து விளம்பரமாகவே போட்டுக்கொள்ளலாம். நிறுத்தமாட்டேன்.

உச்சிப்புளியில் எனக்குச் சின்ன வயதிலிருந்து வெட்டிவிடும் சலூன்காரர் ஒருவர் இருக்கிறார். கோடை வந்தால் ஒன்றாம் நம்பர் மிஷின் போட்டு ஒட்ட வெட்டிக்கொள்வது என் வழக்கம். எங்கள் வெக்கைக்கும் கடல் வேர்வைக்கும் அதுதான் சுகம். ஆபரேஷன் முடிந்து அடுத்த கோடையில் போய் உட்கார்ந்தேன். முன்னால் பார்த்துவிட்டு "அடேயப்பா" என்றார். பின்னால் போனார். மிஷினை இரண்டு இழுப்பு இழுத்தார். சத்தம் நின்றது. பேச்சும் நின்றது. கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்து, எதிர்க் கண்ணாடியில் பாருங்கள் என்று தலையை ஆட்டினார். காதுக்குக் காது, பிடரி வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. எங்கள் கறுப்புத் தோலில், அதிலும் வெயிலில் வெந்த தோலில், அந்தப் புள்ளிகள் சுண்ணாம்பு நிறத்தில் எடுப்பாகத் தெரிந்தன. இடது பக்கம் ஓரிடத்தில் நெருக்கமாக எடுத்ததில் சின்னத் திட்டாகவே ஆகியிருந்தது. "தம்பி, இனிமே மூணாம் நம்பருக்குக் கீழ வேணாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையும் மூன்றாம் நம்பரோடு வெந்துகொண்டிருக்கிறேன். இந்த மாதமும் போனபோது "ஒன்றாம் நம்பர் போட்டுப் பார்ப்போமா" என்று கேட்டேன். அவர் பதிலே சொல்லாமல் மூன்றாம் நம்பர் சீப்பை எடுத்து மாட்டினார்.

தழும்பே இல்லை என்பது பச்சைப் பொய். தோலைக் கீறி ஒரு பட்டையாக எடுத்தால் கோடாகத் தழும்பு. ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தால் புள்ளியாகத் தழும்பு. தோலில் ஓட்டை போட்டால் ஆறிய தடம் இருக்கத்தானே செய்யும்? முடி ஓரளவு நீளமாக இருந்தால் தெரியாது என்று சொல்லியிருந்தால் நியாயம். எவ்வளவு நீளம் என்றும் சொல்லியிருந்தால் அவர்கள் காலில் விழுந்திருப்பேன். ஆபரேஷனுக்கு முன்னால் நான் குறிப்பாகக் கேட்டேன், ஒட்ட வெட்டினால் தெரியுமா என்று. "தெரியவே தெரியாது சார்" என்றது வரவேற்பில் இருந்த பெண். டாக்டர் தலையாட்டினார். பிற்பாடு போட்டோ அனுப்பிக் கேட்டதற்கு, புள்ளிகளை மறைக்கத் தோலில் மை குத்துகிற ஒரு சிகிச்சை இருக்கிறதாம், எனக்கு ஆஃபரில் செய்து தருவார்களாம். காயத்தை உண்டாக்கியவனே மருந்தும் விற்கிறான்.

அப்பா தவறிய பிறகு சேதுக்கரையில் காரியம் செய்தோம். மொட்டை போட்டே ஆக வேண்டும். நட்ட முடிக்கு மொட்டையால் ஒன்றும் ஆகாது, வேர் பிடித்து ஒரு வருடம் கழிந்துவிட்டால் மற்ற முடியைப் போலத்தான் என்று டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தேன், அதனால் கவலையில்லாமல் உட்கார்ந்தேன். கடலில் முங்கிவிட்டு வந்து ஈர வேட்டியோடு ஐயர் எதிரில் குனிந்திருக்கிறேன். பின்னால் சொந்தபந்தம் மொத்தமும் நிற்கிறது. என் பெரிய மாமா, அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, "ஏம்ப்பா, பின்மண்டையில என்ன, அம்மை போட்டிருந்துச்சா?" என்றார். பெரியம்மா உடனே, "அப்பன் போன கவலைய்யா, புழுவெட்டு வந்திருக்கும்" என்று மூக்கைச் சிந்தினாள். எள்ளும் தண்ணியும் இறைக்கிற நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தம்பிக்கும். அந்தச் சிரிப்புக்கு இன்று வரைக்கும் வீட்டில் திட்டு வாங்குகிறோம்.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டியது: மொட்டை போட்ட முடி சில மாதத்தில் அப்படியே திரும்பியது, முன்கோடு ஒரு நூல் பிசகவில்லை. நட்டவன் வேலை சுத்தம். எடுத்தவன் வேலைதான் சுத்தமில்லை.

மாத்திரை விஷயம் விளம்பரத்தில் வரவே வராது. நட்ட முடி நிற்கும், பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற சொந்த முடி தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தி வைக்கத்தான் ஃபினாஸ்டரைடு மாத்திரையும் தலையில் தடவுகிற மினாக்ஸிடில் மருந்தும். நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் அவற்றால் கிடைத்தது போய்விடும். ஃபினாஸ்டரைடு சிலருக்கு ஆண்மை சம்பந்தமான தொந்தரவு கொடுக்கும். கூச்சப்படாமல் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. வயதானவர்கள் புராஸ்டேட்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்யும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அளவை அது பாதியாகக் குறைத்துக் காட்டும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மாதாமாதம் பார்மசி பில்லைப் பார்க்கும்போது, இது ஆபரேஷன் இல்லை, சந்தா என்று தோன்றும்.

இப்போது ஷார்ஜாக்காரனுக்கு. உனக்கு வயது இருபத்தஞ்சு. இன்னும் எவ்வளவு கொட்டப்போகிறது என்று உனக்கும் தெரியாது, கிளினிக்காரனுக்கும் தெரியாது. பின்மண்டை நம்ம ஊர்க் கண்மாய் மாதிரி. இருக்கிற தண்ணியை வைத்துத்தான் இரண்டு போகமும் பார்க்க வேண்டும். இப்போதே மடையைத் திறந்து முன்னால் பாய்ச்சிவிட்டால், நாற்பதில் உச்சி காயும்போது எடுக்க ஒன்றும் இருக்காது. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். முதலில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிற மாத்திரை, மருந்தை ஒரு வருடம் எடுத்துப் பார். கொட்டுவது நிற்கிறதா என்று தெரிந்த பிறகு மற்றது.

அப்படியும் போவதென்றால், உன் பின்மண்டையை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் விலை சொல்கிறவனிடம் உட்காராதே. எத்தனை முடி என்று சொன்னால் நம்பாதே, எத்தனை கிராஃப்ட் என்று கேள். ஒரு கிராஃப்டில் ஒன்றிலிருந்து நாலு முடி வரைக்கும் இருக்கும், அந்த இடைவெளியில்தான் விளம்பரக்காரன் விளையாடுகிறான். எடுப்பது யார் என்று கேட்டு எழுதி வாங்கு. உன் எடை, பிரஷர், சர்க்கரை, அலர்ஜி எதையும் கேட்காமல் ஊசியை எடுத்தால் எழுந்து வந்துவிடு. மரத்துப்போகும் மருந்துக்கு எடைக்கு ஏற்ற அளவு உண்டு, மிஞ்சினால் உயிருக்கு ஆபத்து. 2016-இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நடப் போன இடத்தில் ஊசிக்கு அப்புறம் உடம்பு மோசமாகி இறந்துபோனார். மயக்க மருந்து டாக்டர் அங்கேயே இருக்கிறாரா என்று கேட்பதற்கு வெட்கப்படாதே. மாசக் கடைசி ஆஃபர் என்று அவசரப்படுத்துவதை மீன் ஏலத்தில் ஒத்துக்கொள்ளலாம், மண்டையில் ஒத்துக்கொள்ள முடியாது.

செய்யலாமா வேண்டாமா என்று ஒரே வார்த்தையில் கேட்டால், இன்றைக்கு என் வாயில் வருவது வேண்டாம் என்பதுதான். போன ஞாயிற்றுக்கிழமை பாலத்து நடுவில் நின்றபோது கேட்டிருந்தால் உடனே பணம் கட்டு என்று சொல்லியிருப்பேன். இரண்டும் அதே தலைதான், நான் என்ன செய்ய?

லீவுக்கு வரும்போது நேரே வீட்டுக்கு வா. பின்மண்டை முடியை ஒதுக்கிக் காட்டுகிறேன், டார்ச் அடித்துப் பார்த்துக்கொள், போட்டோவும் எடுத்துக்கொள். குடும்ப குரூப்பில் மட்டும் போட்டுவிடாதே. பெரிய மாமா அதில் இருக்கிறார்.